வீட்டு நாஸ் சர்வருக்கு எந்த ஹார்ட் டிஸ்க் வாங்குவது? நெல்லைச் சீமைக்கு ஏற்ற ஒரு ஒப்பீடு

பழைய கணினி ஒன்று வீட்டில் சும்மா கிடக்கிறது. அதை நாஸாக, அதாவது வீட்டு நெட்வொர்க்கில் எல்லோரும் எடுத்துக்கொள்ளும் கோப்புக் கிடங்காக மாற்றும் ட்ரூநாஸ் அல்லது ஓபன்மீடியாவால்ட் மென்பொருளை ஏற்றி, போட்டோ, வீடியோ, பத்திர நகல் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்க்கலாம் என்று முடிவு செய்தாகிவிட்டது. பாளையங்கோட்டையில் கல்யாண வீடியோ எடுப்பவர், அம்பாசமுத்திரத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர், வளைகுடாவில் இருக்கிற மகன் அனுப்பும் படங்களைச் சேர்த்துவைக்க நினைக்கும் வள்ளியூர்க் குடும்பம் என்று கேட்கிறவர்கள் பலவிதம். எல்லோரும் தயங்கி நிற்கிற இடம் ஒன்றுதான்: எந்த டிஸ்க்? கடையில் அதே 4 டெராபைட்டுக்கு நாலு விலை சொல்கிறார்கள். இணையத்தில் பார்த்தால் அதில் பாதி விலைக்கு 'சர்வர் டிஸ்க்' கிடைக்கிறது. இத்தனைக்கும் வெளியே பார்க்க எல்லாம் ஒரே இரும்புப் பெட்டி.

வீட்டு நாஸுக்கான டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்கும்போது அது நன்றாக ஓடும் நாளை விட, சாகும் நாளை நினைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எல்லா டிஸ்க்கும் ஒருநாள் சாகும். அன்றைக்கு அடுத்த டிஸ்க் எத்தனை நாளில் கைக்கு வரும், அதில் தரவு முழுதாக ஏறி முடியுமா, அதற்குள் இன்னொன்று போனால் வேறு எங்காவது நகல் இருக்கிறதா? கீழே உள்ள ஒப்பீடு முழுவதும் இந்தக் கேள்விகளைச் சுற்றித்தான்.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் வேகத்தை ஒதுக்கிவிடலாம். வீட்டில் இருப்பது சாதாரண கிகாபிட் லேன் என்றால், நொடிக்கு 110 மெகாபைட் சொச்சத்துக்கு மேல் அதில் போகாது. இன்றைக்கு விற்கும் மூன்றரை அங்குல டிஸ்க் பெரும்பாலும் பெரிய கோப்புகளைப் படிப்பதில் அந்த வேகத்தைத் தாண்டிவிடும். வைஃபையில் எடுத்தால் இன்னும் குறைவு. ஆகவே பெட்டியில் பெரிதாக அச்சடித்திருக்கும் வேக எண்ணுக்காகக் கூடுதலாக ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

எழுதும் முறை. இதைத்தான் எல்லாவற்றுக்கும் மேலாகப் பார்க்க வேண்டும். சிஎம்ஆர் முறையில் தடங்கள் ஒன்றையொன்று தொடாமல் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். எஸ்எம்ஆர் முறையில் ஒரு தடத்தின் ஓரத்தை அடுத்த தடம் மூடியிருக்கும், ஓட்டு வீட்டுக் கூரையில் ஓடு வேய்ந்திருப்பது போல. நடுவில் ஒரு ஓட்டை மாற்ற வேண்டுமானால் மேலே படிந்திருப்பவற்றையும் எடுத்துத் திரும்ப அடுக்க வேண்டும் அல்லவா? எஸ்எம்ஆர் டிஸ்க்கும் பழைய இடத்தில் சிறிது திருத்தி எழுத ஒரு பெரிய பகுதியையே திரும்ப எழுதுகிறது. கொஞ்சம் கொஞ்சமாக எழுதும்போது இது தெரியாது, தற்காலிகமாக வாங்கிவைத்துக்கொள்ள உள்ளே ஒரு சிறு பகுதி உண்டு. மணிக்கணக்கில் விடாமல் எழுதும்போது அந்தப் பகுதி நிரம்பி, வேகம் தரைக்கு வந்துவிடும். மணிக்கணக்கில் விடாமல் எழுதும் வேலை நாஸில் எப்போது வரும்? செத்த டிஸ்க்குக்குப் பதில் புது டிஸ்க் போட்டு, மிச்ச டிஸ்க்கில் இருக்கும் தரவை வைத்து அதைத் திரும்ப நிரப்பும் 'ரீபில்டு' செய்யும்போது, அதாவது மிச்சமிருக்கும் டிஸ்க்குக்கு எதுவும் ஆகக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில்.

பிழை வந்தால் எப்படி நடந்துகொள்கிறது. ஒரு இடத்தைப் படிக்க முடியவில்லை என்றால் மேசைக் கணினி டிஸ்க் விடாமல் முயன்றுகொண்டே இருக்கும். தனியாக இருக்கும் டிஸ்க்குக்கு அது நல்ல குணம். ரெய்டில், அதாவது ஒன்று போனாலும் தரவு பிழைக்கும்படி பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஓட்டும் முறையில், அப்படியில்லை. பதிலே வராத டிஸ்க்கைச் செத்துவிட்டது என்று கணக்கெடுத்து, ரெய்டு அதைத் தூக்கி வெளியே போட்டுவிடலாம். நாஸுக்கென்று செய்த டிஸ்க் ஏறத்தாழ 7 நொடியில் முயற்சியை விட்டு 'முடியவில்லை' என்று சொல்லிவிடும். ரெய்டு மற்ற டிஸ்க்கில் இருந்து அந்தத் துண்டை எடுத்துக்கொள்ளும்.

சூடும் கரண்டும். சித்திரை, வைகாசியில் இங்கே பகல் 40 டிகிரியை ஒட்டி நிற்கிறது. டேட்டா ஷீட்டில் 60 டிகிரி வரை தாங்கும் என்றுதான் போட்டிருப்பார்கள். ஆனால் 45ஐத் தாண்டாமல் வைத்திருப்பது என் கணக்கு. கரண்டைப் பொறுத்தவரை, 5 வாட் எடுக்கும் டிஸ்க் ஒன்று இரவும் பகலும் ஓடினால் மின்வாரியத்தின் இரண்டு மாத பில்லில் 7 யூனிட் சொச்சம் சேரும். நாலு டிஸ்க் என்றால் 29. ஏற்கெனவே 500 யூனிட்டை ஒட்டி நிற்கும் வீட்டில், அதைத் தாண்டியதும் கட்டண விகிதமே மாறிவிடும் என்பதால் இந்த 29 பெரிய விஷயம்.

வாரண்டி கைக்கு எட்டுமா. இந்திய வாரண்டி இருக்கிறதா, பில்லில் சீரியல் எண் எழுதித் தருவார்களா, பழுதானால் கடையில் கொடுக்கலாமா, நாமே கூரியரில் அனுப்ப வேண்டுமா? வாரண்டியில் டிஸ்க்தான் திரும்பி வரும், உள்ளே இருந்த தரவு வராது. வருவதும் பெரும்பாலும் புதுப்பித்த டிஸ்க்காக இருக்கும்.

கடைசியாக, மொத்தச் செலவு. விலையை டெராபைட்டால் வகுத்துப் பார்ப்பது சரிதான். ஆனால் 4 டெராபைட் என்று வாங்கினால் கணினி 3.6 என்று காட்டும், மிரர் செய்தால் (இரண்டு டிஸ்க்கிலும் அதே தரவை எழுதினால்) இரண்டு டிஸ்க்குக்குச் சேர்த்தே அந்த 3.6தான். யுபிஎஸ், பேக்கப் டிஸ்க், கூடுதல் ஃபேன் எல்லாம் இந்தக் கணக்கில் வர வேண்டும்.

## ஒரே பார்வையில்

| வகை | எழுதும் முறை | ரெய்டுக்கு | புதிதுக்கு வாரண்டி | பொருந்தும் இடம் |
|---|---|---|---|---|
| மேசைக் கணினி டிஸ்க் | பெரும்பாலும் எஸ்எம்ஆர் | வேண்டாம் | 2 ஆண்டு | பேக்கப் |
| நாஸ் டிஸ்க் | சிஎம்ஆர் (மாடல் பார்த்து) | நன்று | 3 ஆண்டு, புரோ மாடலுக்கு 5 | பெரும்பாலான வீடுகள் |
| சிசிடிவி டிஸ்க் | பெரும்பாலும் சிஎம்ஆர் | ஓடும் | 3 ஆண்டு | அவசரத்துக்கு |
| சர்வர் டிஸ்க் | சிஎம்ஆர் | மிக நன்று | 5 ஆண்டு | பெரிய கொள்ளளவு |
| சாட்டா எஸ்எஸ்டி | பொருந்தாது | நன்று | 3 முதல் 5 ஆண்டு | 2 டெராபைட்டுக்குள் |
| யுஎஸ்பி வெளி டிஸ்க் | பெரும்பாலும் எஸ்எம்ஆர் | கூடாது | 2 முதல் 3 ஆண்டு | வெளியூர் நகல் |

## மேசைக் கணினி டிஸ்க்: பாராகுடா, டபிள்யூடி ப்ளூ

கடையில் போய் 'ஒரு 4 டிபி ஹார்ட் டிஸ்க் கொடுங்க அண்ணாச்சி' என்றால் முதலில் கையில் வருவது இதுதான். விலை குறைவு, எந்நேரமும் கையிருப்பு உண்டு. ஆனால் சீகேட் பாராகுடாவில் மூன்றரை அங்குல 2, 4, 8 டெராபைட் மாடல்கள் எஸ்எம்ஆர். டபிள்யூடி ப்ளூவில் இரண்டு முறையும் கலந்து வருகிறது. பெயரைப் பார்த்துச் சொல்ல முடியாது, மாடல் எண்ணைப் பார்த்தால்தான் தெரியும்.

பாராகுடாவின் டேட்டா ஷீட்டைத் திறந்து பார்த்தால் வருடத்துக்கு 2,400 மணி நேரம் ஓடுவதையும் 55 டெராபைட் வேலையையும் கணக்கில் வைத்துச் செய்தது என்று போட்டிருக்கும். ஒரு வருடத்துக்கு 8,760 மணி நேரம். எப்போதும் ஓடும் சர்வர், உற்பத்தியாளரே சொல்லும் கணக்கைப் போல மூன்றரை மடங்கு அதை ஓட்டுகிறது.

இது எங்கே நல்ல தேர்வு? ரெய்டே இல்லாத, ஒற்றை டிஸ்க்கில் சினிமாவும் பாட்டும் மட்டும் இருக்கும் பெட்டியில். அங்கே போனால் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். மெர்ஜர்எஃப்எஸ் (பல டிஸ்க்குகளை ஒன்றாகக் காட்டும் மென்பொருள்), ஸ்னாப்ரெய்டு (அவ்வப்போது மீட்புத் தகவலைக் கணக்கிட்டு வைக்கும் மென்பொருள்) இரண்டையும் சேர்த்து ஓட்டுகிறவர்களும் தரவு டிஸ்க்காக இதை வைத்துச் சமாளிக்கலாம். அங்கே ஒவ்வொரு டிஸ்க்கும் தனித்தனியாகப் படிக்கத்தக்கது, எழுதுவதும் குறைவு. ஆனால் அந்த மீட்புத் தகவல் ஏறும் பாரிட்டி டிஸ்க் சிஎம்ஆராக இருக்கட்டும். இசட்எஃப்எஸ் (ட்ரூநாஸ் பயன்படுத்தும் கோப்பு முறைமை) ஓட்டுவதாக இருந்தால் இந்த வகைப் பக்கமே போக வேண்டாம்.

## நாஸ் டிஸ்க்: அயர்ன்வுல்ஃப், ரெட் பிளஸ், என்300

சீகேட் அயர்ன்வுல்ஃப், டபிள்யூடி ரெட் பிளஸ், தோஷிபா என்300 மூன்றும் சிஎம்ஆர். இருபத்துநாலு மணி நேரமும் ஓடச் செய்தவை, பிழை வந்தால் சீக்கிரம் கைவிடுபவை. அயர்ன்வுல்ஃபும் ரெட் பிளஸும் வருடத்துக்கு 180 டெராபைட் வேலைக்கு ஏற்றவை என்று சொல்கிறார்கள். வீட்டில் அதில் கால்வாசிகூட ஆகாது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. 'ரெட் பிளஸ்' வேறு, வெறும் 'ரெட்' வேறு. 2020இல் டபிள்யூடி, நாஸுக்கென்றே விற்ற ரெட் வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரையிலான புது மாடல்களை வெளியே சொல்லாமல் எஸ்எம்ஆருக்கு மாற்றியிருந்தது தெரியவந்து பெரிய சர்ச்சை ஆனது. மாடல் எண்ணில் இஎஃப்ஏஎக்ஸ் என்று முடிபவை அவை. அந்தச் சமயத்தில் வந்த ஒரு சோதனையில், இசட்எஃப்எஸ்ஸில் 4 டெராபைட் எஸ்எம்ஆர் ரெட் ரீபில்டாகி முடியக் கிட்டத்தட்ட 9 நாள் ஆனது. சிஎம்ஆர் டிஸ்க்குகள் ஒரு நாளைக்குள் முடித்துவிட்டன. ஒன்பது நாள் ஒற்றை டிஸ்க்கை நம்பி, அதுவும் ஆடிக்காற்றில் கரண்ட் போய்ப் போய் வரும் பணகுடிப் பக்கம் ஓடுவதை நினைத்துப் பாருங்கள். சர்ச்சைக்குப் பிறகு சிஎம்ஆர் மாடல்களை 'ரெட் பிளஸ்' என்று தனியாகப் பிரித்தார்கள். பழைய ரெட் இன்னும் சில கடைகளின் அலமாரியில் இருக்கலாம். விலை குறைவாக இருப்பதைப் பார்த்து எடுத்துவிடாதீர்கள்.

இந்த மூன்றுக்குள் என்ன வித்தியாசம்? என்300 நிமிடத்துக்கு 7,200 சுற்று. கொஞ்சம் வேகம், கொஞ்சம் கூடுதல் சூடு, கொஞ்சம் கூடுதல் சத்தம். 4 டெராபைட் அளவில் அயர்ன்வுல்ஃபும் ரெட் பிளஸும் 5,400ஐ ஒட்டியவை, நம் வெயிலுக்கு அவை இதமானவை. படுக்கையறையில் பெட்டியை வைப்பவர்களும் மெதுவாகச் சுற்றுவதையே எடுக்கட்டும். மற்றபடி இந்த மூன்றில் எது உள்ளூர்க் கடையில் இந்திய வாரண்டியோடு கிடைக்கிறதோ அதுவே நல்லது. பிராண்டைப் பற்றிய சண்டையில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

மறைந்திருக்கும் செலவு இதில் அதிகமில்லை. ஆனால் இரண்டு டிஸ்க்கையும் ஒரே கடையில் ஒரே பெட்டியில் இருந்து எடுத்தால் சீரியல் எண்கள் அடுத்தடுத்து வரும். ஒரே நாள் தயாரிப்பில் ஒரு குறை இருந்தால் அது இரண்டிலும் இருக்கும். ஒன்றை வண்ணார்பேட்டையிலோ பாளையங்கோட்டையிலோ கடையில் வாங்குங்கள், இன்னொன்றை இணையத்தில் வாங்குங்கள். நூறு இருநூறு ரூபாய் வித்தியாசம் வந்தாலும் பரவாயில்லை.

## சிசிடிவி டிஸ்க்: பர்பிள், ஸ்கைஹாக்

கேமரா மாட்டாத கடையும் இப்போது இல்லை, திருமண மண்டபமும் இல்லை. அதனால் தென்காசி, சங்கரன்கோவில், திசையன்விளை என்று எங்கே போனாலும் சிசிடிவி கடையில் டபிள்யூடி பர்பிளோ சீகேட் ஸ்கைஹாக்கோ இருக்கும். நாஸ் டிஸ்க் இல்லாத ஊரிலும் இது கிடைக்கும். எப்போதும் ஓடச் செய்தது, சூட்டைத் தாங்கும், பெரும்பாலும் சிஎம்ஆர், 3 ஆண்டு வாரண்டி. விலையும் நாஸ் டிஸ்க்கை ஒட்டியோ சற்றுக் குறைவாகவோதான் இருக்கும்.

'வீடியோ பிழையோடு ஓடினால் போதும் என்று தரவைக் கவனிக்காமல் விட்டுவிடுமாமே' என்று பயப்படுகிறவர்கள் உண்டு. டிவிஆர் (கேமராப் படத்தைப் பதியும் பெட்டி) ஒரு தனி வகைக் கட்டளையைப் பயன்படுத்தினால்தான் அந்த நடத்தை வரும். லினக்ஸ் சர்வர் சாதாரணக் கட்டளைகளைத்தான் அனுப்புகிறது, டிஸ்க்கும் சாதாரணமாகத்தான் நடந்துகொள்ளும். எழுதுவதற்கென்று அதிகம் பண்படுத்தியது என்பதால், நூற்றுக்கணக்கான சின்னக் கோப்புகளைப் பலர் ஒரே நேரத்தில் தேடும் இடத்தில் கொஞ்சம் சுணங்கலாம். வீட்டில் அது தெரியாது.

முதல் தேர்வாக இதைச் சொல்ல மாட்டேன். ஆனால் மிரரில் ஒரு டிஸ்க் போய்விட்டது, நாஸ் டிஸ்க் வர ஒரு வாரம் ஆகும் என்றால், அன்றைக்கே உள்ளூரில் ஒரு பர்பிள் வாங்கிப் போடுவது ஒற்றை டிஸ்க்கில் ஒரு வாரம் ஓட்டுவதை விட எவ்வளவோ மேல். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: புது டிஸ்க் பழைய டிஸ்க் அளவோ அதைவிடப் பெரிதாகவோ இருக்க வேண்டும்.

## பழைய சர்வர் டிஸ்க்: எக்ஸோஸ், அல்ட்ராஸ்டார்

அதிகம் பேரை இழுப்பது இதுதான். தரவு மையங்களில் சில வருடம் ஓடிக் கழித்த டிஸ்க்குகளைச் சோதித்து, துடைத்து, பாதி விலைக்கு விற்கிறார்கள். உள்ளபடியே நல்ல சரக்கு. எக்ஸோஸ் வருடத்துக்கு 550 டெராபைட் வேலைக்குச் செய்தது. 10 டெராபைட்டுக்கு மேல் போனால் பெரும்பாலும் காற்றுக்குப் பதில் ஹீலியம் அடைத்து முழுக்க மூடியவை. சாதாரண டிஸ்க்கில் வெளிக்காற்று போய்வர ஒரு சின்னத் துளை உண்டு. உவரி, இடிந்தகரை மாதிரி உப்புக்காற்று அடிக்கும் கடற்கரை ஊர்களில் இருப்பவர்களுக்கு அந்தத் துளை இல்லாத டிஸ்க் ஒரு கூடுதல் நிம்மதி. ஆனால் வெளியே இருக்கும் கனெக்டர்களை உப்பு எப்படியும் தின்னும், அதை மறக்க வேண்டாம்.

இனி மறைந்திருக்கும் செலவுகள்.

வாரண்டி என்பது விற்பவர் தருவது மட்டுமே. உற்பத்தியாளரின் ஐந்து வருடம் முடிந்திருக்கும், அல்லது வேறு நாட்டுச் சரக்காக இருந்தால் இங்கே செல்லாது. வாங்கும் முன் சீரியல் எண்ணைக் கேட்டு உற்பத்தியாளர் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். எண் தர மறுக்கிறவரிடம் வாங்காதீர்கள்.

எத்தனை மணி நேரம் ஓடியது என்பதை ஸ்மார்ட் விவரத்தில், அதாவது டிஸ்க் தன் நிலையைப் பற்றித் தானே எழுதிவைக்கும் பதிவில், பார்க்கலாம். ஆனால் அந்த எண்ணை அழித்துவிட முடியும். 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில், ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடிய எக்ஸோஸ் டிஸ்க்குகள் ஸ்மார்ட் விவரம் அழிக்கப்பட்டுப் புதிது என்று விற்கப்பட்டது வெளியே வந்தது. சீகேட் டிஸ்க்கில் ஃபார்ம் என்று இன்னொரு பதிவு உண்டு. ஸ்மார்ட்மான்டூல்ஸ் மென்பொருளின் புதிய பதிப்புகள் அதைப் படித்துக் காட்டும். இரண்டு எண்ணும் ஒத்துப்போகவில்லை என்றால் அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

அப்புறம், விளம்பரத்தில் எஸ்ஏஎஸ் என்று ஒரு மூலையில் போட்டிருக்கும். அது வீட்டுக் கணினிகளில் இருக்கும் சாட்டா இணைப்பு இல்லை. வீட்டு மதர்போர்டில் சேராது, தனியாக ஒரு கார்டு வேண்டும். சாட்டாவிலேயே சில சர்வர் டிஸ்க்குகள் வீட்டுக் கணினியின் எஸ்எம்பிஎஸ்ஸில் (கரண்ட் தரும் பெட்டியில்) மாட்டினால் சுற்றவே சுற்றாது. பவர் கனெக்டரின் மூன்றாவது முள்ளில் 3.3 வோல்ட் வந்தால் அணைந்துகிடக்கும்படி செய்திருப்பார்கள். அந்த முள்ளை வெப்பம் தாங்கும் டேப்பால் மறைத்தாலோ, மோலெக்ஸ் மாற்றி ஒன்றைப் போட்டாலோ ஓடும். டிஸ்க் செத்துப்போய் வந்திருக்கிறது என்று பலர் திருப்பி அனுப்புவது இதனால்தான்.

சத்தத்தையும் சொல்லாமல் விடக் கூடாது. 7,200 சுற்றில் தலை நகரும் 'கடகட' சத்தம் இரவில் அடுத்த அறைக்குக் கேட்கும்.

என் தீர்ப்பு: இரண்டாவது நகல் உறுதியாக இருக்கிறவர்களுக்கு, 10 டெராபைட்டுக்கு மேல் தேவைப்படுகிறவர்களுக்கு இது நல்ல வழி. குடும்பப் படங்களுக்கு ஒரே வீடாக இதை மட்டும் நம்புகிறவர்களுக்கு அல்ல. தொழிலுக்கு வேண்டும் என்றால் அதே எக்ஸோஸைப் புதிதாக, இந்திய வாரண்டியோடு, ஜிஎஸ்டி பில் போட்டு வாங்குவதே சரி.

## சாட்டா எஸ்எஸ்டி

சத்தமில்லை, சூடு குறைவு, சும்மா இருக்கும்போது கரண்ட் ஒரு வாட்டுக்கும் கீழே. தரவு 2 டெராபைட்டுக்குள் அடங்குகிறவர்களுக்கு இதுவே நல்ல தேர்வு என்பேன். அந்த அம்பாசமுத்திரம் ஆசிரியரின் ஆவணங்களும் குடும்பப் படங்களும் ஒரு டெராபைட்டைத் தாண்டாது. அவருக்கு மூன்றரை அங்குல டிஸ்க் இரண்டைச் சுற்றவிடத் தேவையே இல்லை.

அதற்கு மேல் போனால் டெராபைட் கணக்கில் விலை பல மடங்கு. அந்த வேகத்தைக் கிகாபிட் லேன் உங்களிடம் கொண்டுவரவும் செய்யாது. விலை மலிந்தவற்றில் ஒரு செல்லில் நாலு பிட் அடைக்கும் கியூஎல்சி வகை அதிகம். பெரிய கோப்புகளைத் தொடர்ந்து எழுதினால் அவை ஹார்ட் டிஸ்க்கை விட மெதுவாகிவிடும். ஒரு செல்லில் மூன்று பிட் மட்டும் வைக்கும் டிஎல்சி என்று தெளிவாகப் போட்டிருப்பதையே எடுங்கள். எஸ்எஸ்டி சாகும்போது முன்னறிவிப்பு தருவது குறைவு. நேற்று நன்றாக இருந்தது இன்று பயாஸிலேயே தெரியாது. ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் சத்தம் போட்டோ, படிக்க முடியாத இடங்களின் எண்ணிக்கை கூடியோ சொல்லிவிட்டுப் போகும். ஆகவே எஸ்எஸ்டி மிரர் வைப்பவர்கள் இரண்டையும் வேறு வேறு பிராண்டாக வாங்குங்கள். பேக்கப்புக்காக எஸ்எஸ்டியில் எழுதி, கரண்டே காட்டாமல் வருடக்கணக்கில் பீரோவில் பூட்டி வைப்பதும் வேண்டாம்.

## யுஎஸ்பி வெளி டிஸ்க்

இரண்டை வாங்கி யுஎஸ்பியில் செருகி ரெய்டு போடலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். வேண்டாம். யுஎஸ்பி இணைப்பு ஒரு நொடி விட்டுப் பிடித்தாலும் ரெய்டு அந்த டிஸ்க்கைக் கழற்றிவிடும். உள்ளே இருக்கும் இரண்டரை அங்குல டிஸ்க் பெரும்பாலும் எஸ்எம்ஆர். பெட்டியை உடைத்து டிஸ்க்கை எடுத்து உள்ளே மாட்டலாம் என்று நினைத்தால், பல மாடல்களில் சாட்டா கனெக்டரே இருக்காது, யுஎஸ்பி போர்டோடு சேர்த்தே செய்திருப்பார்கள். வாரண்டியும் போச்சு.

ஆனால் பேக்கப்புக்கு இதை விட்டால் வேறில்லை. விலை குறைவு, கையில் எடுத்துப் போகலாம். மாதம் ஒருமுறை நகல் எடுக்க எஸ்எம்ஆரின் மெதுவான வேகம் ஒரு குறையே இல்லை.

## எத்தனை டிஸ்க், எப்படி அடுக்குவது

8 டெராபைட் வேண்டும் என்றால் இரண்டு 8 டெராபைட்டை மிரர் செய்யலாம், மூன்று 4 டெராபைட்டை ரெய்டு 5 ஆகவும் (ஒரு டிஸ்க் அளவு இடம் மீட்புத் தகவலுக்குப் போகும் முறை) போடலாம். இரண்டாவது வழியில் டிஸ்க் விலை சில சமயம் குறையும். ஆனால் மூன்று டிஸ்க்கின் கரண்ட், மூன்று டிஸ்க்கின் சூடு. ஒன்று போனால் மிச்ச இரண்டையும் முழுதாகப் படித்தால்தான் தரவு திரும்பும். மிரரில் ஒன்று போனால் இன்னொன்றில் எல்லாம் அப்படியே இருக்கிறது. 8 டெராபைட் டிஸ்க் நொடிக்கு 180 மெகாபைட் வேகத்தில் ஏறத்தாழ 12 மணி நேரத்தில் நகலாகிவிடும். வீட்டுக்கு மிரர்தான் என் தேர்வு. டிஸ்க் எண்ணிக்கையைக் கூட்டாமல் அளவைக் கூட்டுங்கள்.

பழைய கணினியின் எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் இது நல்லது. மூன்றரை அங்குல டிஸ்க் சுற்றத் தொடங்கும் நொடியில் 25 வாட் வரை இழுக்கும். நாலும் ஒன்றாகக் கிளம்பினால் 100 வாட்.

கல்யாண வீடியோக்காரர்களுக்கு மட்டும் கணக்கு வேறு. நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் 4கே எடுத்தால் மணிக்கு 45 ஜிபி. இரண்டு கேமரா, ஐந்து மணி நேரம் என்றால் ஒரு கல்யாணத்துக்கு 450 ஜிபி. வருடத்துக்கு 40 கல்யாணம் எடுப்பவருக்கு 18 டெராபைட். தை, வைகாசி மாதிரி முகூர்த்தம் நெருக்கமாக வரும் மாதங்களில் 4 டெராபைட் டிஸ்க் ஒரு மாதத்தைக்கூடத் தாங்காமல் போகலாம். அவர்கள் எடிட்டிங் செய்யும் கணினியில் எஸ்எஸ்டி வைத்துக்கொண்டு, நாஸில் புது சர்வர் டிஸ்க் இரண்டை மிரர் செய்யட்டும். எத்தனை மாதம் கழித்து மூலப் பதிவை அழிப்பார்கள் என்பதை வாடிக்கையாளரிடம் எழுத்தில் சொல்லிவிட்டால் டிஸ்க் செலவில் பெரும்பகுதி குறையும்.

## டிஸ்க்குக்கு வெளியே போகும் பணம்

யுபிஎஸ் இல்லாமல் நாஸ் வேண்டாம். கரண்ட் திடீரென்று போகும்போது தலை அவசரமாக ஒதுங்கும். ஒவ்வொரு முறையும் அது தேய்மானம்தான், ஸ்மார்ட் பட்டியலில் 192ஆவது எண்ணில் அந்தக் கணக்கு ஏறிக்கொண்டே போவதைப் பார்க்கலாம். வீட்டு இன்வெர்ட்டரை நம்புகிறவர்கள் அதில் யுபிஎஸ் மோடு என்ற சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண மோடில் மாறும் இடைவெளிக்குள் கணினி அணைந்துவிடலாம். யுஎஸ்பி வழியாகச் சர்வரோடு பேசும் சின்ன யுபிஎஸ் ஒன்று இருந்தால், பேட்டரி தீரும் முன் சர்வர் தானாகவே ஒழுங்காக மூடிக்கொள்ளும். டிஸ்க்குகளுக்கு நேர் எதிரே 120 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்று போடுங்கள். காற்று அள்ளிவரும் புழுதியைத் தடுக்க அதன்முன் ஒரு வலையும் வேண்டும், அதை ஆனி, ஆடி மாதங்களில் அடிக்கடி கழுவ வேண்டும்.

வைக்கும் இடமும் முக்கியம். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள பரணில் வைத்தால் சூடு, தரையில் வைத்தால் தண்ணீர். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரை மீறி ஜங்ஷன், வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம் பக்கமெல்லாம் வெள்ளம் புகுந்தது. அந்தத் தண்ணீருக்கு முன்னால் மிரரும் ரெய்டும் ஒன்றுமே இல்லை, இரண்டு டிஸ்க்கும் ஒரே பெட்டியில்தானே இருக்கின்றன? வீட்டுக்கு வெளியே ஒரு நகல் இருந்தால்தான் தரவு பிழைக்கும். யுஎஸ்பி டிஸ்க் இரண்டு வாங்கி மாற்றி மாற்றி எழுதி, ஒன்றை வேறு ஊரில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் வையுங்கள். இருவர் வீடும் ஆற்றங்கரையில் இல்லாமல் இருந்தால் சரி.

இதனால்தான் கையில் இருக்கும் பணம் முழுவதையும் நாஸ் டிஸ்க்கிலேயே போட்டுவிடாதீர்கள் என்கிறேன். 8 டெராபைட் இரண்டு வாங்கிப் பேக்கப்புக்குக் காசு இல்லாமல் நிற்பதை விட, 4 டெராபைட் ரெட் பிளஸோ அயர்ன்வுல்ஃபோ இரண்டு, யுஎஸ்பியில் இரண்டு, சின்ன யுபிஎஸ் ஒன்று என்று பிரித்து வாங்குவது பாதுகாப்பு. அந்த வள்ளியூர்க் குடும்பத்துக்கும் இதையே சொல்வேன்.

## வாங்கி வந்த பிறகு

டிஸ்க் வந்ததும் பெட்டியைப் பாருங்கள். குமிழி உறை இல்லாமல் வெறும் அட்டையில் உருண்டு வந்திருந்தால் திறக்கும்போதே வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஸ்மார்ட்டின் நீண்ட சோதனையை ஓட்டுங்கள். அது முடிந்ததும் பேட்பிளாக்ஸ் மூலம் டிஸ்க் முழுவதும் எழுதிப் படிக்கும் சோதனையை ஓட்டுங்கள். 4 டெராபைட்டுக்கு அது இரண்டு மூன்று நாள் பிடிக்கும். உள்ளே இருப்பதை எல்லாம் அழித்துவிடும் சோதனை அது, காலி டிஸ்க்கில் மட்டுமே செய்ய வேண்டும். படிக்க முடியாத இடம் ஒன்றே ஒன்று வந்தாலும் அந்த டிஸ்க்கை வைத்துக்கொள்ளாதீர்கள். இணையத்தில் வாங்கியதற்குத் திருப்பி அனுப்பும் கெடு சில நாள்தான் இருக்கும், கடையிலும் உடனே மாற்றித் தரும் நாள் குறைவு. எனவே யுபிஎஸ், ஃபேன், மென்பொருள் எல்லாம் தயாரான பிறகே டிஸ்க்குக்கு ஆர்டர் போடுங்கள். சோதனை அந்தக் கெடுவுக்குள் முடிந்துவிடும்.